இதயத்திற்கு அவகாசம் தேடித்தந்த ஜோன் கிப்பன்

2017 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கண்டி போதனா வைத்தியசாலையில் இலங்கையின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. இன்று கண்டி தேசிய வைத்தியசாலை என்ற பெயரில் இயங்கும் அதே வைத்தியசாலைதான் அது. டொக்டர் அனில் அபேவிக்ரம உள்ளிட்ட சத்திரசிகிச்சைக் குழுவினர் அதனை நிறைவேற்றினர். கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, பேராதனை போன்ற ஊர்களிலும் வாழும் மக்கள், கடும் நோய் கண்டால் நாடிச் செல்வது இந்த வைத்தியசாலையையே. தலைநகர் கொழும்பில் அல்லாது இங்கு இச்சாதனை நிகழ்ந்ததையிட்டு அவர்கள் பெருமை அடைந்தனர்.

அச்செய்தியை வாசித்தவர்கள் தானமாகக் கிடைத்த புதிய இதயத்தைப் பற்றியே பெரிதும் பேசிக்கொண்டனர். ஆனால் அத்தகைய சிகிச்சையில் நாம் எண்ணிப் பார்க்கத் தவறும் ஒரு கட்டம் உண்டு. பழுதடைந்த இதயம் வெளியே எடுக்கப்பட்டு, புதிய இதயம் தைக்கப்பட்டுத் துடிக்கத் தொடங்கும் வரை, நோயாளியின் நெஞ்சில் இயங்கும் இதயம் என்று எதுவுமில்லை. அந்த நேரம் முழுவதும் அவரது உடலில் குருதியை ஓடச் செய்வது சத்திரசிகிச்சை மேசையின் அருகே நிற்கும் ஓர் இயந்திரமே. அதனை இதய-நுரையீரல் இயந்திரம் என்பர். அந்த இயந்திரத்தை உலகிற்குத் தந்தவர் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹெய்ஷம் கிப்பன். இதய மாற்றுக்காகக் காத்திருப்போரை இன்று உயிருடன் வைத்திருக்கும் சாதனங்கள் யாவும் அவர் திறந்துவிட்ட வழியில் வந்தவையே.

கிப்பன் 1903 செப்டெம்பர் 29 ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். அவரது குடும்பம் பரம்பரை பரம்பரையாக வைத்தியத் தொழிலில் ஈடுபட்டு வந்தது. தந்தையார் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கினார். எனினும் மகனின் உள்ளம் எழுத்திலும் ஓவியத்திலும் நாட்டம் கொண்டிருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பின்னரும், படிப்பைக் கைவிட்டு எழுத்தாளராகிவிடலாமா என்று அவர் தடுமாறியதுண்டு. தொடங்கியதை முடித்துவிடும்படி தந்தையார் கூறிய அறிவுரையை ஏற்று, 1927 இல் வைத்தியராக வெளியேறினார். அன்று தந்தையார் மகனை அவனது போக்கில் விட்டிருந்தால் உலகம் ஓர் எழுத்தாளரைப் பெற்றிருக்கலாம். எத்தனை உயிர்களை இழந்திருக்கும் என்பதை யாரால் கணக்கிட முடியும்?

1930 ஆம் ஆண்டளவில் அவர் பொஸ்டன் நகரின் மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் டொக்டர் எட்வர்ட் சேர்ச்சிலின் கீழ் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்குதான் அவரது வாழ்வின் திசையை மாற்றிய நிகழ்ச்சி இடம்பெற்றது. பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்டு தேறி வந்த ஒரு பெண்மணிக்குத் திடீரென மூச்சுத் திணறல் ஏற்பட்டது. உடலின் வேறோர் இடத்தில் உறைந்த குருதிக்கட்டி ஒன்று நகர்ந்து வந்து, நுரையீரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியை அடைத்துவிட்டது. அக்காலத்தில் அந்த அடைப்பை நீக்கும் சத்திரசிகிச்சையில் பிழைப்போர் மிக அரிது. ஆகவே வேறு வழியே இல்லை என்ற நிலை வரும்வரை காத்திருந்து பார்க்க சேர்ச்சில் தீர்மானித்தார்.

அந்தப் பெண்மணியின் அருகிலிருந்து குருதியழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளும் பொறுப்பு இளைஞரான கிப்பனிடம் ஒப்படைக்கப்பட்டது. இரவு முழுவதும் அவர் கண்விழித்திருந்தார். நோயாளியின் முகம் நீலம் பாய்வதையும், நாளங்கள் புடைப்பதையும், துடிப்பு தளர்வதையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் எதுவும் செய்ய இயலவில்லை. மறுநாள் காலை சேர்ச்சில் நெஞ்சைத் திறந்து, ஏழு நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் கட்டியை அகற்றினார். ஆயினும் அப்பெண்மணி பிழைக்கவில்லை.

அந்த நீண்ட இரவில் கிப்பனின் மனதில் ஓர் எண்ணம் உதித்தது. நாளங்களில் தேங்கி நிற்கும் கருங்குருதியை வெளியே எடுத்து, அதற்கு ஒட்சிசனை ஊட்டி, காபனீரொட்சைட்டை நீக்கி, மீண்டும் நாடிக்குள் செலுத்தினால் என்ன? இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் சிறிது நேரத்திற்கு உடலுக்கு வெளியே செய்ய முடிந்தால், அடைப்பை நிதானமாக நீக்கலாம் அல்லவா? அவர் தேடியது நோய்க்கான மருந்தை அன்று. மருத்துவருக்கும் நோயாளிக்கும் வேண்டிய அவகாசத்தையே அவர் தேடினார்.

குருதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்து இடப்புறத்திற்குத் திரும்புகிறது என்பதை 13 ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் பணியாற்றிய முஸ்லிம் மருத்துவ மேதை இப்னு அன்-நபீஸ் எழுதி வைத்தார். உடல் முழுவதும் குருதி சுற்றியோடும் முறையை 1628 இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி விளக்கினார். இயற்கை வகுத்த அந்தப் பாதையை ஓர் இயந்திரத்தின் வழியாகத் திருப்பிவிட வேண்டும் என்பதே கிப்பன் ஏற்றுக்கொண்ட பணி. அனுபவமிக்க மூத்த வைத்தியர்கள் அவருக்கு ஊக்கமளிக்கவில்லை. எளிதில் முடிக்கக்கூடிய சிறிய ஆய்வுகளில் ஈடுபடுமாறு ஆலோசனை கூறியவர்களே அதிகம்.

அவருக்குத் துணையாக நின்றவர் மேரி ஹொப்கின்சன். சேர்ச்சிலின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவரை 1931 இல் கிப்பன் மணந்துகொண்டார். 1934 இல் தம்பதியர் மீண்டும் பொஸ்டன் சென்று, ஒரு வருட காலத்தை இந்த ஆய்வுக்கெனவே ஒதுக்கினர். பழைய பொருட்கள் விற்கும் கடையில் சில டொலர்களுக்கு வாங்கிய காற்றுப்பம்பி, கண்ணாடிக் குழாய்கள், இறப்பர் தக்கைகளில் வெட்டிய வால்வுகள் ஆகியவற்றைக் கொண்டு முதல் இயந்திரம் உருவானது. பரிசோதனைக்குப் பூனைகள் போதாதபோது, கிப்பன் மீன் துண்டுகளுடனும் சாக்குடனும் இரவில் தெருக்களில் அலைந்து பூனைகளைப் பிடித்து வந்தார்.

தடைகள் பல இருந்தன. உடலை விட்டு வெளியேறும் குருதி உறைந்துவிடும். அதனைத் தடுக்கும் ஹெப்பரின் என்ற மருந்து அக்காலத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பம்பியின் அழுத்தம் கூடினால் செங்குருதிக் கலங்கள் நசுங்கும். ஒரேயொரு காற்றுக் குமிழி மூளைக்குச் சென்றாலும் ஆபத்து. எல்லாவற்றிலும் கடினமானது நுரையீரலின் வேலை. அங்கு நுண்ணிய காற்றறைகளின் பரந்த பரப்பில் நிகழும் வாயு மாற்றத்தை, மேசையளவு இயந்திரம் ஒன்றில் நிகழ்த்த வேண்டியிருந்தது. சுழலும் உருளையின் உட்சுவரில் குருதியை மெல்லிய படலமாகப் பரவவிட்டு, அதன்மீது ஒட்சிசனைச் செலுத்துவது கிப்பன் கண்ட முதல் வழி.

1935 மே 10 ஆம் திகதி, ஒரு பூனையின் நுரையீரல் நாடி முற்றாக அடைக்கப்பட்ட நிலையில், இயந்திரம் அதன் உயிரைத் தாங்கியது. குருதியழுத்தம் வீழாமல் நின்றதைக் கண்ட கணவனும் மனைவியும் ஆய்வுகூடத்திலேயே ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஆடினர். இயந்திரத்திலிருந்து மீண்ட பூனைகள் நீண்ட காலம் உயிர்வாழ்ந்ததை 1939 இல் அவர் அறிவித்தார். அதற்குள் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. கிப்பன் இராணுவ வைத்தியராகச் சென்றார். ஆய்வு தடைப்பட்டது.

யுத்தம் முடிந்ததும் 1946 இல் அவர் தாம் கற்ற ஜெபர்சன் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். பூனைக்குப் போதுமான இயந்திரம் மனிதனுக்குப் போதாது. மாணவர் ஒருவரின் அறிமுகத்தால் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தோமஸ் வட்சனைச் சந்திக்கும் வாய்ப்பு கிட்டியது. நிறுவனத்தின் பொறியியலாளர்களையும் செலவையும் வட்சன் அவருக்கு வழங்கினார். சுழலும் உருளைக்குப் பதிலாகக் கம்பி வலைத் தகடுகளின்மீது குருதியை வழியவிட்டால், அது சற்றுக் கலங்கி ஓடி மேலும் அதிகமான ஒட்சிசனை ஏற்கும் என்பதை அவரது இளம் உதவியாளர்கள் கண்டறிந்தனர். இத்துடன் பெரும் தடையொன்று நீங்கியது.

1952 பெப்ரவரியில் முதன்முதலாக மனிதர் ஒருவருக்கு அவ்வியந்திரம் பயன்படுத்தப்பட்டது. அது 15 மாதக் குழந்தை. இதயத்தின் மேலறைச் சுவரில் துவாரம் உண்டு என்று நோய் நிர்ணயம் செய்யப்பட்டிருந்தது. இதயத்தைத் திறந்தபோது துவாரத்தைக் காணவில்லை. குழந்தை இறந்தது. இதயத்திற்கு வெளியே, பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் இடையே இருந்த இணைப்பே உண்மையான குறைபாடு என்பது பிரேத பரிசோதனையில்தான் தெரியவந்தது. இயந்திரம் தவறவில்லை. அக்காலத்தின் நோய் நிர்ணய முறைதான் தவறியது.

1953 மே 6 ஆம் திகதி 18 வயது மாணவி ஒருவர் அதே சத்திரசிகிச்சை மேசையில் கிடத்தப்பட்டார். 26 நிமிடங்கள் அவரது இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் இயந்திரமே செய்தது. இடையில் வலைத் தகடுகளில் குருதி உறையத் தொடங்கியதால், தானாக இயங்கும் கட்டுப்பாட்டை விட்டுக் கையால் இயக்க நேர்ந்தது. அந்தப் பதற்றத்திற்கு நடுவிலும் கிப்பன் இதயச் சுவரின் துவாரத்தைத் தைத்து மூடினார். இயந்திரம் நிறுத்தப்பட்டதும் மாணவியின் இதயம் தன் கடமையைத் தானே ஏற்றுக்கொண்டது. அவர் அதன்பின் 40 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன், திறந்த இதயத்தின் உள்ளே செய்யப்பட்டு வெற்றி கண்ட முதலாவது சத்திரசிகிச்சை அதுவே.

இத்தகைய வெற்றியை ஈட்டியவர் அதனைப் பறைசாற்றுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். கிப்பனோ அந்தச் சிகிச்சை பற்றிய அறிக்கையை 1954 இல் மினசோட்டா மாநிலத்தின் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் அடக்கமாக வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1953 ஜூலையில், மேலும் இரு சிறுமியருக்கு அவர் சிகிச்சை செய்திருந்தார். இருவரும் இறந்தனர். நான்கு பேரில் ஒருவரே பிழைத்த நிலையில், மனிதருக்கு இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துவதை ஓராண்டு காலத்திற்கு நிறுத்திவைப்பதாக அவர் அறிவித்தார். அதன்பின் அவர் மீண்டும் ஒருபோதும் இதயத்தைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யவில்லை.

இதனைத் தோல்வி மனப்பான்மை என்று கூறுவோரும் உளர். ஆனால் அவர் தமது கண்டுபிடிப்பைப் பூட்டி வைக்கவில்லை. இயந்திரத்தின் வரைபடங்களை மினசோட்டாவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டொக்டர் ஜோன் கேர்க்லினின் குழுவினருக்கு மனமுவந்து வழங்கினார். அவர்கள் அதனைத் திருத்தியமைத்து 1955 மார்ச் முதல் பயன்படுத்தினர். அவர்களிடம் முதலில் சிகிச்சை பெற்ற எட்டுப் பேரில் நால்வர் பிழைத்தனர். அங்கிருந்து இயந்திரம் உலகெங்கும் பரவியது. தம் பெயரை நிலைநாட்டுவதைவிட நோயாளியின் உயிர் பெரிது என்று கருதியவரால்தான் இவ்வாறு விட்டுக்கொடுக்க இயலும்.

கிப்பன் 1967 இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 3 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் டொக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். 1968 பெப்ரவரியில் பம்பாயின் கே.ஈ.எம். வைத்தியசாலையில் டொக்டர் பி.கே. சென் இந்தியாவில் அதனை முயன்றார். நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். இந்தியாவில் இதய மாற்று வெற்றி பெற 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு புதுடில்லியில் டொக்டர் பி. வேணுகோபால் அதனைச் சாதித்தார். இவை அனைத்திலும் இதயம் நின்றிருந்த வேளையில் உயிரைத் தாங்கியது இதய-நுரையீரல் இயந்திரமே.

ஆனால் அவ்வியந்திரத்திற்கு ஓர் எல்லை உண்டு. அது தரும் அவகாசம் சில மணி நேரம் மட்டுமே. இதய மாற்றுக்காகக் காத்திருப்பவருக்கோ வாரங்களும் மாதங்களும் வேண்டும். தானம் செய்யப்படும் இதயம் நாம் குறித்த நாளில் வருவதில்லை. குருதி வகையும் உடலின் அளவும் பொருந்த வேண்டும். உடலிலிருந்து எடுத்த இதயத்தைக் குளிரூட்டி வைக்கும் வழமையான முறையில், ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் பொருத்திவிட வேண்டும். அதுவரை தளர்ந்த இதயம் தாக்குப்பிடிக்குமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள், நுரையீரலை அதன் வேலையைச் செய்யவிட்டு, இதயத்தின் இடது கீழறைக்கு மட்டும் கைகொடுக்கும் பம்பிகளை உருவாக்கினர். 1966 இல் ஹியூஸ்டன் நகரில் டொக்டர் மைக்கல் டிபேக்கி பொருத்திய பம்பி ஒன்று, ஒரு பெண்மணியைப் பத்து நாட்கள் தாங்கி நலமடையச் செய்தது. 1969 இல் அதே நகரில் டொக்டர் டென்டன் கூலி, மாற்று இதயம் கிடைக்கும் வரை ஒரு நோயாளியைச் செயற்கை இதயத்தால் 64 மணி நேரம் உயிருடன் வைத்திருந்தார். மாற்று இதயம் பொருத்தப்பட்ட பின் அந்நோயாளி விரைவில் இறந்தாலும், காத்திருப்போருக்கு இயந்திரம் பாலமாகலாம் என்பது அன்று வெளிப்பட்டது. அச்செயற்கை இதயம் டிபேக்கியின் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டது என்ற சர்ச்சையால் இரு மேதைகளும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பகைமை பாராட்டினர். வரைபடங்களைப் பிறருக்குக் கையளித்த கிப்பனின் பண்பு எத்துணை அரிது என்பதை இது உணர்த்தும்.

1984 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இடது கீழறைக்குத் துணைபுரியும் பம்பி ஒன்று நோயாளியை மாற்று இதயம் வரை வெற்றிகரமாகக் கொண்டுசென்றது. இன்றைய பம்பிகள் உள்ளங்கையில் அடங்குபவை. இதயத்தின் கீழ்முனையில் பொருத்தப்படும் பம்பி, குருதியை உறிஞ்சிப் பெருநாடிக்குள் செலுத்துகிறது. வயிற்றுத் தோலின் வழியாக வெளிவரும் ஒரு கம்பி, இடுப்பில் அணியும் கட்டுப்பாட்டுக் கருவியுடனும் பெட்டரிகளுடனும் அதனை இணைக்கிறது. குருதி இடைவிடாது ஓடுவதால், இவர்களில் பலரின் மணிக்கட்டில் நாடித்துடிப்பே தென்படாது. ஆயினும் அவர்கள் நடமாடுகின்றனர், வீடு திரும்புகின்றனர். மறுபுறம், கொவிட் காலத்தில் பலரும் கேள்விப்பட்ட எக்மோ என்ற கருவி, கிப்பனின் இயந்திரத்தின் நேரடி வாரிசு. குருதிக்கு வெளியே ஒட்சிசன் ஊட்டும் அதே முறை, அதில் நாட்கணக்காக நீடிக்கிறது.

இவை குறையற்றவை அல்ல. குருதி உறையாதிருக்கத் தொடர்ந்து மருந்து உட்கொள்ள வேண்டும். அதனால் குருதிப்போக்கு ஏற்படலாம். உறைந்தால் பக்கவாதம் வரலாம். தோலைத் துளைத்து வரும் கம்பியின் வழியே கிருமி தொற்றலாம். மின்சாரம் தடைப்படும் வீட்டில் பெட்டரியைப் பற்றிய கவலை நீங்காது. பம்பியின் விலையோ சாதாரண குடும்பம் ஒன்றினால் எண்ணிப் பார்க்க முடியாதது.

மஹய்யாவ என்றதும் கண்டி மக்களுக்கு நினைவில் வருவன பொது மயானமும் முஸ்லிம் மையவாடியும். நகரைத் துப்புரவு செய்யும் மாநகர சபைத் தொழிலாளரான தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடமும் அதுவே. இதயம் தளர்ந்த ஒரு தொழிலாளிக்கோ சிறு வியாபாரிக்கோ பெரும் விலையுள்ள பம்பி கைக்கெட்டாக் கனி. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் மருத்துவமே அவருக்குரிய ஒரே புகலிடம். தானமாக இதயம் கிடைத்தால் கண்டியிலேயே அதனைப் பொருத்த முடியும் என்பதை 2017 காட்டியது. ஆகவே பம்பி இல்லாத எமது நோயாளர்களுக்குக் காத்திருக்கும் நாட்களைக் குறைப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி. அது இயந்திரத்தின் கையில் இல்லை, எமது கையில் உள்ளது.

இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் மனித உடலுறுப்புகளையும் இழையங்களையும் தானம் செய்ய வழிவகுத்துள்ளது. டொக்டர் ஹட்சன் சில்வா 1960 களில் வளர்த்தெடுத்த கண் தான இயக்கத்தால் எமது நாடு பல தேசங்களுக்குப் பார்வை வழங்கியது. தமிழகத்தில் 2008 ஆம் ஆண்டு திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த வைத்தியத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகனின் உறுப்புகளை வழங்கியதை அடுத்து, அங்கு உறுப்பு தானம் பெரும் எழுச்சி கண்டது. அந்த இளைஞனின் இதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது.

முஸ்லிம்கள் மத்தியில் இவ்விடயம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகடமி 1986 இல் அம்மான் நகரில் மூளைச்சாவு பற்றியும், 1988 இல் ஜித்தாவில் உறுப்பு மாற்று பற்றியும் ஆராய்ந்து, உறுப்பு மாற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. மூளைச்சாவு பற்றிய கேள்விகளை ஏற்காத அறிஞர்களும் உளர். எந்த முடிவாயினும் அதனைத் துக்க வேளையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு எடுக்க முற்படுவது குடும்பத்தாருக்குப் பெரும் சுமை. தாம் நம்பும் மார்க்க அறிஞரிடமும் வைத்தியரிடமும் முன்கூட்டியே கேட்டறிந்து, தமது விருப்பத்தை வீட்டாரிடம் சொல்லி வைப்பதே விவேகம்.

ஓய்வுபெற்ற கிப்பன் தம் இளமைக்கால ஆசைக்குத் திரும்பினார். பண்ணை வீட்டில் தங்கி ஓவியம் தீட்டினார். 1968 இல் மருத்துவ ஆய்வுக்கான உயரிய லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. 1973 பெப்ரவரி 5 ஆம் திகதி டெனிஸ் விளையாடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு, தமது 69 ஆவது வயதில் காலமானார். ஏனையோரின் இதயங்களுக்கு அவகாசம் தேடித்தந்தவருக்குத் தமது இதயம் அவகாசம் அளிக்கவில்லை.

பொஸ்டனில் இறந்துபோன அந்தப் பெண்மணியைக் கிப்பனால் காப்பாற்ற இயலவில்லை. ஆனால் அவரை மறக்காமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். இன்று உலகில் எங்கு இதயச் சத்திரசிகிச்சை நடந்தாலும், அது கண்டியாக இருந்தாலும், அந்த உழைப்பின் பயன் அங்கு உண்டு. அவர் தேடித்தந்த அவகாசத்திற்குள் ஒரு நோயாளிக்கு மாற்று இதயம் வந்து சேருமா என்பதை இனி முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.